மருத்துவமனை நிர்வாகப் பட்டம்: எந்தச் சலுகை வரும், எது வராது?

பெயரில் மருத்துவமனை இருப்பதால் இதையும் டாக்டர் படிப்போடு சேர்த்து நினைக்கிறவர்கள் நெல்லைச் சீமையில் நிறையப் பேர். நீட் எழுத வேண்டுமா, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா, முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். 7.5 சதவீதம் மருத்துவத்துக்கும், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் உரியது. முதல் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்கானது. பி.பி.ஏ., பி.எஸ்சி. என்ற பெயர்களில் நடக்கும் மருத்துவமனை நிர்வாகம், அரசின் கணக்கில் கலை அறிவியல் கல்லூரிப் படிப்பு. எனவே இந்தப் படிப்புக்காக முதல் பட்டதாரிச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகப் படியேற வேண்டாம்.

கைக்கு வரக்கூடிய பணம் மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. குடும்ப வருமானத்துக்கு வரம்பு இல்லை, சாதியும் கேட்பதில்லை. சேரும் கல்லூரி சுயநிதிக் கல்லூரியாக இருக்கலாம். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் தடையில்லை.

அடுத்தது நம் ஊருக்கென்றே எழுதப்பட்டது போன்ற விதி. பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்களின் ஊர். அவற்றில் பழைய, பெரிய பள்ளிகள் பலவும் அரசு உதவிபெறுபவை. அவற்றில் படித்த பெண்களுக்கு முதலில் இந்தப் பணம் கிடையாது. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் தொடங்கிவைக்கப்பட்ட விரிவாக்கத்துக்குப் பிறகுதான் அவர்களும் உள்ளே வந்தார்கள். ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும். ஆண்களுக்கும் இதே விதிதான். ஒரே வளாகம், ஒரே சீருடை, ஒரே மணியோசை. பக்கத்து வகுப்பறையில் ஆங்கில வழியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் பணம் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் விதி விதிதான். பயிற்றுமொழிச் சான்றைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையையோ களியக்காவிளையையோ தாண்டிக் கேரளத்துக் கல்லூரியில் சேர்ந்தால் இந்த 1,000 ரூபாயை மறந்துவிடலாம். அஞ்சல்வழிப் படிப்புக்கும் கிடையாது.

விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். அதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். அவர் கேட்பவை ஆதார், பள்ளியில் மாணவருக்குத் தந்திருக்கும் எமிஸ் அடையாள எண், மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு. தகராறு பெரும்பாலும் கடைசியில் சொன்னதில்தான் வரும். என் அக்கா மகளுக்கு நான்கு மாதம் பணம் வரவில்லை என்று கல்லூரியைத் திட்டிக்கொண்டிருந்தோம். விசாரித்தால், எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன ஒரு கணக்குக்கு அது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நாம் எழுதிக் கொடுக்கும் கணக்குக்குப் பணம் வருவதில்லை. ஆதாரோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் வரும்.

இனிக் கட்டணம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிள்ளைகள் அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ மூன்றாண்டுப் பட்டம் படித்தால், வருமான நிபந்தனை இல்லாமல் இலவசக் கல்வித் திட்டத்தின் உதவித்தொகை உண்டு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மருத்துவமனை நிர்வாகம் போன்ற புதிய பாடங்களை உதவிபெறும் கல்லூரிகள் சுயநிதிப் பிரிவில் நடத்துவது வழக்கம். கல்லூரிப் பெயரைப் பார்த்து நம்பிவிடாமல், பாடம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பட்டம் செல்லுமா என்பதையும் பார்க்க வேண்டும். 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் அனுமதி வரம்புக்குள் வந்துவிட்டன. அந்த அனுமதி இருக்கிறதா என்றும், பட்டம் தரப்போகும் பல்கலைக்கழகம் எது என்றும் கேளுங்கள். நம் பக்கத்துக் கல்லூரி என்றால் பெரும்பாலும் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமாக இருக்கும். ‘இன்ஸ்டிடியூட்’ என்று பலகை மாட்டி டிப்ளமோவைப் பட்டம் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

“இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கும் தாத்தாவுக்கு ஒரு பதில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டே, அதற்கான ஒப்புதலை வாங்கித் தரும் மேசையில் உட்கார ஆள் வேண்டும். நோயாளிப் பதிவேடு, மருந்து இருப்பு, கழிவு அகற்றல் என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு லாரிகள் வந்து திரும்ப அள்ளிச் சென்றன. மஞ்சள், சிவப்பு, நீலம் எனப் பிரித்த கழிவு வாசலைத் தாண்டிய பின் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்காணிப்பதும் நிர்வாகியின் வேலைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால் வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது; பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். மேலாளர் வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொன்னால், அதைக் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள்.