ஒட்டச் சவரமும் கழுத்துக் கொப்புளங்களும்

அந்த இளைஞர் கழுத்தைக் காட்டுவதற்கு முன்பு தன் சட்டைக் காலரைத்தான் காட்டினார். வெள்ளைச் சீருடைக் காலரின் உட்புறத்தில் கடுகளவு ரத்தப் புள்ளிகள் வரிசையாகக் காய்ந்திருந்தன. ஒரு நகைக்கடையில் காவல் பணியில் இருக்கும் அவருக்கு வயது 24. தினமும் முகச்சவரம் செய்துகொண்டுதான் பணிக்கு வர வேண்டும் என்பது அங்கே விதி. தாடைக்குக் கீழே, குரல்வளையின் இரு பக்கமும் கொப்புளங்கள் கிளம்புவதும், மறுநாள் பிளேடு பட்டு அவை அறுபடுவதும், ஆறுவதற்குள் புதியவை வருவதுமாக எட்டு மாதங்கள் கழிந்திருந்தன. “உடம்புச் சூடு டாக்டர்” என்றார். அந்த நம்பிக்கையில் வெந்தயம் ஊற வைத்துக் குடித்திருக்கிறார், சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார், கோழிக்கறியைக்கூட விட்டுவிட்டார். ரேசர் மீது மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை ஒரு கொப்புளத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வெளியே வந்த முடி கொக்கி போல வளைந்து, சற்றுத் தள்ளி மீண்டும் தோலுக்குள் இறங்கியிருந்தது. கிருமி நீக்கிய ஊசியின் முனையால் அந்த வளைவை மெல்ல நெம்பியதும், புதைந்திருந்த நுனி ஒரு துளிச் சீழோடு வெளியே வந்து நிமிர்ந்து நின்றது. முடியை நான் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அடுத்து முளைக்கும் முடி வெளியே வருவதற்கு முன்பே உள்ளேயே தோலைக் குத்தக்கூடும். கண்ணாடியில் பார்த்தவர், “இவ்வளவு முடி உள்ளயா இருந்துச்சு?” என்றார்.

சவரத்துக்குப் பிறகு முகத்தில் தோன்றுவன எல்லாம் ஒரே தொல்லை அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். சவரம் முடிந்த சில நிமிடங்களிலேயே தொடங்கி, ஓரிரு நாட்களில் தானாகவே அடங்கும் எரிச்சல் ஒரு வகை. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் சுரண்டி எடுத்துவிடுவதால் வருவது அது. வெளிர்நிறத் தோலில் இது செக்கச் சிவந்து தெரியும். நம்முடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாமல், லேசான பளபளப்பும் கருமையுமாகத்தான் தென்படும். அதனால்தான் நம்மவர்கள் பலர் பாதிப்பு நடந்துகொண்டிருக்கும்போது கவனிக்காமல், கழுத்து கறுத்த பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். இரண்டாவது வகை அந்த இளைஞருக்கு வந்தது போல முடி உள்நோக்கி வளர்வதால் எழும் கொப்புளம். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது அதிகம். ஆனால் தலைமுடி நேராக இருப்பவருக்கும் கழுத்துத் தாடி சுருண்டு வளரலாம். மூன்றாவது, முடிவேரில் பாக்டீரியா புகுந்து வரும் சீழ்க்கொப்புளம்.

முதல் இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. கன்னத்தைத் தடவிப் பார்க்கையில் சொரசொரப்பே இருக்கக் கூடாது என்ற நம் பிடிவாதம்தான் அது. சலூனில் முதல் சவரம் முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்து, “அண்ணே, இங்க இன்னொரு தடவை போடுங்க” என்று நாமேதான் கேட்கிறோம். அவரும் தோலை இழுத்துப் பிடித்து முடி வளரும் திசைக்கு எதிராகக் கத்தியை ஓட்டுகிறார். அவ்வாறு வெட்டப்படும் முடியின் நுனி, இழுத்த தோலை விட்டவுடன் மேற்பரப்புக்குக் கீழே போய்விடுகிறது. சாய்வாக வெட்டுப்பட்டு ஈட்டி முனை போலாகிவிட்ட அந்த நுனி, மீண்டும் வளரும்போது வெளியே வரும் வழியை விட்டுவிட்டுப் பக்கச் சுவரைத் துளைக்கிறது. 1971இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இரட்டை பிளேடு ரேசர், முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது பிளேடு அதை வெட்டும் என்ற கருத்தைச் சொல்லித்தான் விற்கப்பட்டது. இன்று ஐந்து பிளேடையும் தாண்டிவிட்டது. வழவழப்பை விரும்புகிறவருக்கு அது வசதி. உள்வளரும் முடி உள்ளவருக்கோ ஒவ்வொரு கூடுதல் பிளேடும் கூடுதல் துன்பம். ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும் ட்ரிம்மர்தான் இத்தகையவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுக்கும் ‘மருந்து’.

ரேசரையே பயன்படுத்த வேண்டிய நிலையில் இருப்பவர்கள் குளித்த பிறகு சவரம் செய்வது நல்லது. சவரம் செய்துவிட்டுக் குளிப்பதே நம் வழக்கம் என்பதால் இதை ஏற்க வைக்கச் சிரமப்படுகிறேன். காய்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் நீரை உறிஞ்சி இளகிவிடுவதால், பிளேடை அழுத்தாமலேயே வெட்டலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் தோலில் படியும். அங்கே சவரத்துக்கு மட்டுமாவது ஒரு குவளைக் குடிநீரை எடுத்துக்கொள்ளலாம். குளியல் சோப்பைத் தேய்த்துச் சவரம் செய்வதை எந்த ஊரிலும் விட்டுவிடுங்கள். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது, குளியல் சோப்போ காரத்தன்மை உடையது. ஏற்கெனவே சுரண்டப்பட்ட தோலை அது மேலும் உலர்த்தும்.

முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதைத் தம் முகத்தில் ஒருமுறையாவது ஆராய்ந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு நாள் தாடியோடு கண்ணாடி முன் நின்று விரல் நுனியால் நான்கு திசைகளிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிச் செல்லும் திசைதான் முடி சாயும் திசை. கன்னத்தில் அது பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது: ஒரு பக்கம் மேல்நோக்கி, மறு பக்கம் காதை நோக்கி, நடுவில் சுழி என்று பலருக்கும் மாறுபடும். மேலிருந்து கீழே இழுப்பதுதான் சரியான முறை என்று நினைத்துக்கொண்டு கழுத்து முழுவதையும் தினமும் எதிராகவே மழித்துவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திசை தெரிந்த பிறகு, தோலை இழுக்காமல், சிறு சிறு வீச்சாக ஒரே முறை மழித்தால் போதும். ஒவ்வொரு வீச்சுக்கும் பிளேடை நீரில் அலச வேண்டும். ஐந்து முதல் ஏழு சவரங்களுக்கு மேல் ஒரு பிளேடு வேண்டாம். ஈரமான குளியலறையில் வைக்காமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

எரிச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது? குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியை ஐந்து பத்து நிமிடங்கள் ஒற்றி வைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேராத மாய்ஸ்சரைசரையோ, மெல்லியதாக வாசலினையோ தடவினால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும். தோல் ஆறும் வரை, குறைந்தது இரண்டு மூன்று நாட்களுக்கு, அந்த இடத்தில் பிளேடு படக் கூடாது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. காந்தினால்தான் கிருமி சாகும் என்ற எண்ணத்தில், நீர் கலந்து பயன்படுத்த வேண்டிய கிருமிநாசினித் திரவத்தை அப்படியே ஊற்றித் தேய்த்துத் தோல் வெந்து வந்தவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனவர்களுக்கு எளிதில் மறையாத கருந்திட்டுகள் வந்திருக்கின்றன. ஆல்கஹால் மிகுந்த ஆஃப்டர்ஷேவும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

படிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நான் முற்றிலும் மறுப்பவன் அல்லன். அது திசுக்களைச் சுருங்கச் செய்து சிறு வெட்டுகளின் ரத்தக் கசிவை நிறுத்துகிறது. வறண்ட தோல் இல்லாதவர் தமக்கென ஒரு கட்டி வைத்துக்கொண்டு தடவுவதில் குறையில்லை. என் ஆட்சேபம் சலூனில் கிண்ணத்து நீரில் கிடக்கும் பொதுப் படிகாரத்தின் மீதுதான். ஒருவருடைய வெட்டுக்காயத்தில் உரசிய கல் அடுத்தவருடைய வெட்டுக்காயத்திலும் உரசுகிறது. ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கத்தியில் புதிய பிளேடைக் கண்ணெதிரே மாற்றச் சொல்லும் நாம், கல்லை யாரும் கவனிப்பதில்லை. சவரத்தால் பரவுகிற இன்னொன்று மரு: தாடையில் இருந்த ஒரு தட்டையான மரு, பிளேடு போன பாதையிலேயே கோடு போட்டாற்போல் வரிசையாக முளைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மருந்துக்கடைக் களிம்புகள் விஷயத்தில்தான். கழுத்தில் அரிப்பு என்று கேட்டவுடன், வீரிய ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ஒரு ட்யூப் கைமாறிவிடுகிறது. தடவிய மறுநாளே எரிச்சல் அடங்குவதால் அதை ‘நல்ல மருந்து’ என்று நண்பர்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். சில மாதங்களில் முகத்தோல் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, பருக்கள் பெருகுகின்றன, நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரிகிறது என்பதால் நிறுத்தவும் முடிவதில்லை. வந்தது படர்தாமரையாக இருந்துவிட்டால், ஸ்டீராய்டு அதை அடக்குவது போல் காட்டி அகலப் பரப்பிவிடும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டின்றி விற்பதற்கு மத்திய அரசு 2018இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் பாதிப்போடு வருபவர்கள் குறையவில்லை.

பெண்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் இதே உள்வளர்ச்சி வருகிறது. மழித்த கையோடு டியோடரன்ட் அடிப்பதையும், அன்று இறுக்கமான உடை அணிவதையும் தவிர்த்தாலே பாதி குறையும். மோவாய் முடியை மழித்தால் அது தடித்து வளரும் என்ற அச்சம் ஆதாரமற்றது. இயல்பாக மெலிந்து முடியும் நுனி போய், முடியின் பருத்த பகுதி வெளியே தெரிவதால் தடித்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாத பிளேடு கீறல்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு அறுவை அரங்கே சாட்சி: அறுவைக்கு முன் உடல் முடியை மழிக்கவே கூடாது, அகற்றியே தீர வேண்டுமென்றால் கிளிப்பரால் மட்டுமே வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது.

கொப்புளம் சீழ் வைத்து வலித்தாலோ, வட்டமாகச் செதில் விளிம்போடு படர்ந்தாலோ, ஆறிய இடம் மேடாகத் தடித்துத் தழும்பானாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். இரவில் தடவும் ரெட்டினாய்டு களிம்பு, பென்சாயில் பெராக்சைடு என்று எளிய மருந்துகளே பலருக்குப் பயன்படும். எதற்கும் அடங்காதவர்களுக்கு முடிவேரைக் குறைக்கும் லேசர் உண்டு. கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசரே மிகவும் பாதுகாப்பானது என்பதால், எந்த லேசர் என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

அந்த இளைஞருக்கு, மருத்துவக் காரணத்தால் ஒரு மில்லிமீட்டர் முடியோடு பணிக்கு வர அனுமதிக்குமாறு கடிதம் எழுதிக் கொடுத்தேன், நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது. ஆறு வாரம் கழித்து அவர் வந்தபோது புதிய கொப்புளம் ஒன்றுகூட இல்லை, காலர் வெள்ளையாக இருந்தது. கருமை மறையப் பல மாதங்கள் ஆகும், கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் தடவுங்கள் என்றேன். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்து, “தங்கச்சிக்குக் கல்யாணம் டாக்டர். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நல்லா ஒட்ட ஷேவ் பண்ணிக்கட்டுமா?” என்று கேட்டார். கன்னத்தில் மட்டும், குளித்த பிறகு, மேலிருந்து கீழாக ஒரே முறை பண்ணிக்கொள்ளச் சொன்னேன். கழுத்துக்கு அன்றைக்கும் ட்ரிம்மர்தான்.