அங்கதம் இருக்க, ஏன் ‘பகடி’?

வங்கிக் கொள்ளையை வைத்து ஒரு பெரிய பட்ஜெட் படம் வந்துவிட்டால் போதும், “திரில்லருக்குள் ஒளிந்திருக்கும் சமூகப் பகடி” என்று எழுதிவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது. அது பகடி இல்லை, அங்கதம்.

ஒருவரின் குற்றத்தைக் குத்திக் காட்டி வைவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சட்டயர்’, பலவும் கலந்து நிறைந்தது என்று பொருள்படும் ‘சத்துரா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நம்மிடம் உள்ள சொல் அங்கதம். தோள்வளைக்கும் அங்கதம் என்று பெயர் உண்டு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொல்காப்பியர் செய்யுளியலில் “அங்கதந் தானே அரில்தபத் தெரியின் செம்பொருள் கரந்தது எனஇரு வகைத்தே” என்கிறார். வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம். வசையை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு.

பழிகரப்பைப் பார்க்க வேண்டுமானால் புறநானூறு 95ஆம் பாட்டைப் படியுங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானிடம் பேசுகிறார்: உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்கப் புகழ்ச்சி, உள்ளே ‘நீ போரே பார்க்காதவன்’ என்ற குத்து. எங்கள் ஊர்ப்பக்கமான நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் பழைய தொண்டை நாடுதான். குத்து வாங்கியது நம்ம ஊர் ராஜா என்பதால் எங்களுக்கு இந்தப் பாட்டு மறப்பதில்லை.

சரி, பகடிக்கு என்ன குறை? பகடி நல்ல சொல்தான், ஆனால் வேறு வேலைக்கு. ஒன்றைப் போலவே செய்து காட்டி அதைக் கேலி செய்வது பகடி. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தெலுங்கில் ‘பகடி வேஷாலு’ என்பதுதான் நினைவுக்கு வரும். பட்டப்பகலில் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் வந்து, இன்னொருவர் மாதிரி நடந்து பேசிக் காட்டுவார்கள். பார்த்துச் செய்வதற்கு ஓர் அசல் வேண்டும். 2010இல் ‘தமிழ்ப் படம்’ என்ற பெயரிலேயே வந்த படம், சினிமாவைப் பார்த்துச் சினிமா மாதிரியே செய்தது; அதைப் பகடி என்றால் மிகச் சரி. வங்கிக் கொள்ளையை வைத்து வந்த அஜித்தின் ‘துணிவு’ எந்தப் படத்தைப் பார்த்து நடித்துக் காட்டியது? திருட வந்தவனைவிட வங்கி பெரிய திருடன் என்று அது வைகிறது. மியூச்சுவல் ஃபண்ட் மோசடியை அதில் வாய்விட்டு விளக்கும் இடம் செம்பொருள் அங்கதம். அதுவே, துப்பாக்கி நீட்டியவனுக்குப் பின்னால் “உங்கள் பணம் எங்களிடம் பத்திரம்” என்று வங்கியின் விளம்பரப் பலகை தொங்குவதாக ஒருவர் படமெடுத்தால், யாரும் பேசாமலே வசை விழுந்துவிடும். அது பழிகரப்பு. இரண்டையும் ‘பகடி’ என்று ஒரே மூட்டையில் கட்டினால், இயக்குநர் எதை மறைத்தார், எதை உடைத்துச் சொன்னார் என்பதே தெரியாமல் போகிறது. விமர்சகரின் வேலையே அதைச் சொல்வதுதானே?

‘நையாண்டி’ என்போரும் உண்டு. கரகாட்டத்துக்கு அடிக்கிற நையாண்டி மேளம் எல்லோரும் அறிந்தது. அந்தச் சொல்லில் குஷி அதிகம், கோபம் குறைவு. அங்கதத்துக்குக் கோபம் வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் டப்பிங், சப்டைட்டில் எழுதுகிறவர்கள் மேல்தான். துணிவே எங்கள் பக்கம் ‘தெகிம்பு’ என்று தெலுங்கில் வந்தது. இரண்டு மொழியிலும் படம் பார்க்கிறவர்கள் நாங்கள், அதனால் எங்கே பிசகினாலும் உடனே காதில் இடறுகிறது. அங்கதத்தைக் குறிக்கத் தெலுங்கில் ‘வ்யங்க்யம்’ என்று வந்தால் தமிழில் ‘கிண்டல்’ என்று போட்டுவிடுகிறார்கள். கிண்டல் நண்பனைச் செய்வது. வங்கியையும் அரசையும் பார்த்துச் சொல்வதற்குத் தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது. வாயில் நுழையாத சொல்லும் இல்லை, ஐந்தே எழுத்து.