பந்து கையை விட்டுப் போகும் முன்

ஏப்ரல் நெருங்கினால் என் வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் குவியும். அமெரிக்காவில் இருக்கும் பழைய நண்பர்கள் அனுப்புவார்கள். எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரு கல்லூரிப் பையன் நாலு எட்டு பின்னால் போகிறான், கையை ஓங்குகிறான், பந்து ஐம்பது யார்டு பறந்து ஒருவன் கையில் விழுகிறது. கீழே, அமெரிக்க ஃபுட்பால் நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸை இழுத்து ஒரு வரி: "இவன்தான் அடுத்த மஹோம்ஸ். என்ன சொல்ற?"

திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன்: "பிடிச்சவன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு ப்ளேயையும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரையிலான ஒவ்வொரு துண்டையும், தரவாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்னாப் ஆனதிலிருந்து (பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளே தொடங்கியதிலிருந்து) பந்து கையை விட்டுப் போக எத்தனை விநாடி ஆனது, எத்தனை பேர் பாய்ந்து வந்தார்கள், யாரைப் பார்த்து வீசினான், பந்து நெஞ்சுக்கு வந்ததா முதுகுக்குப் பின்னால் போனதா என்று எல்லாம் குறிக்க வேண்டும். இரவு ஷிஃப்ட், ஃபிளாஸ்க் நிறைய டீ. ஒரே ப்ளேயை முன்னும் பின்னும் எட்டுத் தடவை ஓட்டிப் பார்ப்பது சாதாரணம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: என்எஃப்எல்லில் 32 அணிகள். ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளாக எடுப்பார்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டித் தூக்க முடியாது. போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம், அந்த இடத்தை வேண்டுமானால் வேறு அணியோடு மாற்றிக்கொள்ளலாம். இதில் எல்லோரும் அடித்துக்கொள்வது குவார்ட்டர்பேக்குக்காக. பந்து ஒவ்வொரு முறையும் முதலில் வருவது அவன் கைக்கு. முடிவெடுக்க அவனுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுடைய ஆட்டத்தைக் குறித்துவிட்டு, "பிரமாதமான கை" என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். ஒரே ஆட்டத்தில் நாலு டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் பெரிய ஸ்கோர். என் சீனியர் அந்த நாலையும் திரும்பப் போட்டுக் காட்டினார். இரண்டு டச்டவுனில் பந்து பறந்த தூரமே ஐந்து யார்டுதான், மீதியெல்லாம் பிடித்தவன் ஓடியது. மூன்றாவதில் தடுப்பாட்டக்காரன் வழுக்கி விழுந்துவிட்டான், பிடிக்க வேண்டியவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. நாலாவது ஒன்றுதான் உண்மையான வீச்சு. அப்புறம் நான் கவனிக்காமல் விட்ட ஒரு ப்ளேயைப் போட்டார். அதில் பந்து பிடிபடவே இல்லை. ஆனால் பையன் முதல் ஆளைப் பார்த்து, இரண்டாவது ஆளுக்குத் திரும்பி, மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்து, நெஞ்சில் இடி வாங்கிக்கொண்டே சரியான இடத்துக்கு வீசியிருந்தான். பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரின் கையிலிருந்து நழுவிவிட்டது. "நீ எழுத வேண்டியது இதைப் பத்தி" என்றார். அன்றிலிருந்து பந்து எங்கே போய் விழுந்தது என்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

கல்லூரி ஆட்டத்தில் எண்கள் ஊதிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே விதிகளே கொஞ்சம் வேறு. பாஸ் வீசும்போது முன்வரிசைக் கனத்த ஆட்கள் ப்ளே தொடங்கும் கோட்டைத் தாண்டி மூன்று யார்டு வரை போகலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். மூன்று யார்டு போகலாம் என்றால், பந்தைக் கொடுத்து ஓடப் போகிறார்களா, வீசப் போகிறார்களா என்று எதிரணிக்குப் புரிவதற்குள் பாஸ் போய்விடும். பெரிய கல்லூரிகளில் வேறு, ரிசீவர்கள் எதிராளியை விட அவ்வளவு வேகம். எப்போதும் யாராவது ஒருவன் தனியாக நிற்பான். 70 சதவீதம் பாஸ் பிடிபட்டது என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை பக்கவாட்டில் தட்டிவிட்டது என்று எண்ணாமல் நான் வாயைத் திறப்பதில்லை.

அணிகளே சறுக்கும் இடம் இது. 1998இல் பேட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று அமெரிக்காவே இரண்டாகப் பிரிந்து நின்றது. மேனிங் முதலிடத்தில் இண்டியானாபொலிஸுக்குப் போனார். லீஃபுக்காக சான் டியேகோ அணி கையிலிருந்ததைக் கொடுத்து, மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. லீஃப் என்எஃப்எல்லில் ஆடியது 25 ஆட்டம். 14 டச்டவுன், 36 இன்டர்செப்ஷன் (எதிரணி கையில் போய்ச் சேர்ந்த வீச்சு). அவரிடம் கை பலத்துக்குக் குறைவே இல்லை.

அடுத்த இரண்டே வருடத்தில் இதற்கு நேர் எதிரான கதை. 2000இல் டாம் பிரேடி ஆறாவது சுற்றில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். 40 யார்டு ஓட அவருக்கு 5.28 விநாடி ஆனது. அவர் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் போலை ஏழு முறை ஜெயித்தார். பிரேடியை முன்கூட்டியே அறிந்தோம் என்று இப்போது சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எடுத்த நியூ இங்கிலாந்து அணியே ஆறாவது சுற்று வரை காத்திருந்ததே.

சரி, கம்பைனுக்கு வருவோம். இண்டியானாபொலிஸில் ஒவ்வொரு வருடமும் வீரர்களை வரிசையாக நிற்க வைத்து உயரம், எடை எல்லாம் அளப்பார்கள். குவார்ட்டர்பேக் என்றால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை விரித்த கையின் அளவைப் பற்றி நாள்கணக்கில் பேச்சு நடக்கும். மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது மாதிரி இருக்கிறதே என்று எனக்கு எப்போதும் தோன்றும். 2020இல் ஜோ பர்ரோவின் கை ஒன்பது அங்குலம் என்று ஒரே அலசல். ஓய்வு பெறலாமா என்று யோசிப்பதாக அவரே ட்விட்டரில் கிண்டலடித்தார். சின்சினாட்டி அவரை முதலிடத்தில் எடுத்தது, இரண்டாவது சீசனிலேயே சூப்பர் போல் வரை கூட்டிப் போனார். கை அளவு முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மழையிலும் குளிரிலும் பந்து வழுக்கும். ஆனால் அது வீடியோவிலேயே தெரிந்துவிடுமே, எத்தனை பந்தைத் தவறவிட்டான் என்று எண்ணினால் போதாதா?

மூளைக்கான சோதனைகளும் அப்படித்தான். 12 நிமிடத்தில் 50 கேள்வி என்ற வொண்டர்லிக் தேர்வை பல காலம் வைத்திருந்துவிட்டு, 2022இல் கம்பைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே இன்னொரு அறிவாற்றல் சோதனையில் சி.ஜே. ஸ்ட்ரவுட் குறைவாக எடுத்தார் என்று டிராஃப்டுக்கு முன் செய்தி கசிந்தது. ஒரு இருபத்தொரு வயதுப் பையனின் மதிப்பெண்ணை ஊரே விவாதித்தது. ஹூஸ்டன் அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது இடத்தில் எடுத்தது. முதல் சீசனில் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. யார் எதற்காக அந்தத் தகவலை வெளியே விட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தனக்குப் பிடித்த ஆள் தன் முறை வரும்வரை மீதமிருக்க வேண்டும் என்று நினைக்கிற அணிகளும் உண்டு. டிராஃப்டுக்கு முந்தின மாதம் வரும் 'உள்வட்டத் தகவல்' எதையும் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

நான் என்ன பார்க்கிறேன் என்று கேட்டால், முதலில் பார்ப்பது நெருக்கடியில் அவன் கால்களையும் கண்களையும்தான். எதிராளி நெருங்கும்போது சிலர் கண்ணைத் தாழ்த்திவிடுவார்கள், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். சிலர் அரை எட்டு நகர்ந்து, கண்ணைத் தூரத்திலேயே வைத்திருப்பார்கள். சாக் வாங்குவதை (வீசுவதற்குள் பந்தோடு வீழ்த்தப்படுவதை) எல்லோரும் முன்வரிசையின் தப்பு என்பார்கள். பாதிக்குப் பாதி, பந்தை விடாமல் வைத்துக்கொண்டிருப்பவனின் தப்பு. கல்லூரியில் நெருக்கடி வந்தாலே சாக் ஆகிறவன் மேலே போயும் அதையே செய்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்புறம் மூன்றாவது டவுன் (நாலு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு யார்டுக்கு மேல் வேண்டும் என்கிற ப்ளேக்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பேன். வீசத்தான் போகிறான் என்று மைதானத்துக்கே தெரியும், பயிற்சியாளர் தந்திரம் எதுவும் காப்பாற்றாது.

எவ்வளவு பார்த்தோம் என்பதும் ஒரு கேள்வி. 2021இல் சான் பிரான்சிஸ்கோ அணி ட்ரே லான்ஸுக்காக மூன்று வருட முதல் சுற்று வாய்ப்புகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்றையும் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது. 2019இல் லான்ஸ் 287 தடவை வீசி ஒரு இன்டர்செப்ஷன்கூடத் தரவில்லை. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அடுத்த வருடம் கோவிட்டால் ஆடியது ஒரே ஆட்டம். கல்லூரி முழுக்கச் சேர்த்து 318 வீச்சு, அதுவும் ஒரு படி கீழான பிரிவில். பின்னால் கணுக்கால் முறிந்ததை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது, அதை லான்ஸ் மேல் போடுவது நியாயமும் இல்லை. 2023இல் ஒரு நாலாம் சுற்று வாய்ப்புக்கு அவரை டல்லாஸுக்கு விட்டார்கள். அதற்குள் அதே அணியில் பிராக் பர்டி நிலைத்துவிட்டார். 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262ஆவது. அயோவா ஸ்டேட்டில் நாலு வருடம் ஆடியவர். பார்க்க எவ்வளவோ வீடியோ இருந்தது, எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஜோஷ் ஆலனை நான் வேண்டாம் என்ற பக்கம். வயோமிங்கில் கடைசி வருடம் 56 சதவீதம்தான் பிடிபட்டது, பக்கத்து வீச்சுகூடத் தலைக்கு மேல் போகும். குறி தவறுபவன் கடைசி வரை தவறுவான் என்று நினைத்தேன். பஃபலோவில் முதல் வருடம் 52.8, அடுத்து 58.8, அப்புறம் 2020இல் 69.2. கால் வைக்கும் முறையையே மாற்றி எழுதிக்கொண்டார், அணியும் அவருக்கு ஸ்டெஃபான் டிக்ஸ் போன்ற ரிசீவரைக் கொண்டு வந்து கொடுத்தது, பொறுமையாகவும் இருந்தது. உழைப்பையும் போகும் இடத்தையும் என்னால் வீடியோவில் குறிக்க முடியாது.

போகும் இடம் என்பது சும்மா இல்லை. 2002இல் ஹூஸ்டன் முதலிடத்தில் எடுத்த டேவிட் கார் முதல் சீசனில் 76 சாக் வாங்கினார். புத்தம்புது அணி, காப்பாற்ற ஆள் இல்லை. பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் பத்தாவதாகப் போய், அணியின் அப்போதைய குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்கார்ந்து கற்றார், அந்த சீசனில் தொடங்கியது ஒரே ஆட்டம். இருவரும் இடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவு ஷிஃப்டில் நாங்கள் விடிய விடியப் பேசுவோம்.

கண்ணில் இருக்கும் பழைய கறையும் ஒன்று உண்டு. கறுப்பின குவார்ட்டர்பேக்கான வாரன் மூனை 1978இல் எந்த அணியும் எடுக்கவில்லை. கறுப்பினத்தவர்களைக் குவார்ட்டர்பேக்கை விட்டு ஆட்டத்தில் வேறு இடத்துக்கு மாறச் சொல்வதுதான் அப்போது வழக்கம். அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டனில் அந்நாட்டு லீக்கின் கோப்பையான கிரே கப்பை ஐந்து முறை ஜெயித்துவிட்டுத் திரும்பினார், பின்னால் சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். நாற்பது வருடம் கழித்து லாமர் ஜாக்சனையும் ரிசீவராக மாறச் சொன்னார்கள். முதல் சுற்றின் கடைசி இடமான 32இல் பால்டிமோர் எடுத்தது. 2019இலும் 2023இலும் எம்விபி, அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். 'இயல்பான தலைவன்', 'நல்ல ஓட்டக்காரன்' என்று வெள்ளையரையும் கறுப்பரையும் பற்றி இரண்டு விதமாக எழுதும்போது, ஏன் இப்படி எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. என் பழைய குறிப்புகளிலும் இது இருந்தது.

பேராசிரியர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் முடிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே நிலைக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் போனவர் மேலாக ஆடுவதற்கான வாய்ப்பு, காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இத்தனை ஸ்கவுட், இத்தனை அளவு, என்னைப் போன்றவர்களின் இத்தனை இரவுகள் எல்லாம் சேர்ந்து கொண்டு வருவது அந்தச் 'சற்றே'யைத்தான்.

போன வாரம் நியூஜெர்சி நண்பன் மறுபடி ஒரு கிளிப் அனுப்பினான். ஐம்பத்தைந்து யார்டு, வளைந்து போய் விழுகிறது. அழகுதான், இரண்டு தடவை பார்த்தேன். "இந்தப் பையன் தோத்த ஆட்டம் ஏதாவது முழுசா இருந்தா அனுப்பு" என்று எழுதினேன்.

"முழு ஆட்டமா? மூணரை மணி நேரம் ஓடும்டா" என்று பதில் வந்தது.