பூவுக்குள் ஒரு நொதி: ஆல்கஹால் குறைந்த ஐபிஏவுக்குத் தனி வகை ஏன் தேவை?

இங்கிலாந்தில் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இங்கே கடைகளில் 'செஷன் ஐபிஏ' என்ற பியரை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆல்கஹால் நான்கு சதவீதம்தான். ஆனால் கசப்பும் மணமும் வழக்கமான ஐபிஏவைப் போலவே இருக்கின்றன. அமெரிக்கப் போட்டிகளில் இதைத் தனி வகையாக வைத்துப் பரிசு கொடுக்கிறார்களாம். வழக்கமான ஐபிஏவில் தண்ணீர் ஊற்றினால் இது கிடைத்துவிடாதா? இன்னொரு சந்தேகம்: சில டப்பாக்களில் மட்டும் 'எப்போதும் குளிரில் வைக்கவும்' என்று அச்சிட்டிருப்பது ஏன்?"

ஐபிஏ என்பது ஹாப் என்ற கொடியின் பூவைத் தாராளமாகச் சேர்த்துச் செய்யும், கசப்பும் மணமும் மிகுந்த ஒரு பியர் வகை. அதன் ஆல்கஹால் குறைந்த வடிவம்தான் செஷன் ஐபிஏ. தண்ணீர் ஊற்றினால் அது கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று தேடிப் போனால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அழகான கண்டுபிடிப்பில் போய் நிற்போம். அதைப் பற்றி எழுத வாய்ப்புக் கொடுத்த வாசகருக்கு நன்றி. மது உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. குடிப்பவர்கள் குறைந்த ஆல்கஹாலுக்கு மாறுவதை நான் வரவேற்பதற்கும் அதுதான் காரணம்.

பள்ளியில் படித்ததை வேகமாகக் கடந்துவிடலாம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சாற்றை ஹாப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாறும். கசப்பு கொதியில்தான் பிறக்கிறது. ஹாப்பில் உள்ள ஹியூமுலோன் என்ற அமிலத்தின் ஆறு கார்பன் வளையம் சூட்டில் ஐந்து கார்பன் வளையமாகச் சுருங்குகிறது. சுருங்கிய பிறகுதான் அது நீரில் நன்றாகக் கரைந்து நாக்கை எட்டுகிறது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருந்தால் ஒரு கசப்பு அலகு என்பது கணக்கு.

இப்போது வகைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஜேசிபி அமைப்பின் கையேட்டில் அமெரிக்க ஐபிஏ என்றால் ஆல்கஹால் 5.5 முதல் 7.5 சதவீதம், கசப்பு 40 முதல் 70 அலகு. செஷன் ஐபிஏவை இந்த அமைப்பு தனி வகையாக ஏற்கவில்லை. 2015 கையேட்டில் 'சிறப்பு ஐபிஏ' என்ற தலைப்புக்குள் 3 முதல் 5 சதவீதம் வரை 'செஷன்' வலிமை என்று ஒரு பட்டம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்கப் பியர் தயாரிப்பாளர்களின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷனோ அதைத் தனி வகையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஒரே பொருளைப் பற்றி இரு அமைப்புகளுக்கு இரு பார்வை. சங்கத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பேன்.

தண்ணீர் ஊற்றுவதை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6.5 சதவீத ஆல்கஹாலும் 60 அலகு கசப்பும் உள்ள ஐபிஏவை 4 சதவீதத்துக்கு நீர்க்கச் செய்தால் கசப்பு 37 ஆகிவிடும். மணமும் அதே விகிதத்தில் இறங்கும். கசப்பையாவது கூடுதல் ஹாப் போட்டு மீட்கலாம். ஆல்கஹால் செய்துவந்த வேலையை யார் செய்வது? எத்தனாலுக்கு இலேசான இனிப்பு உண்டு, தொண்டையில் ஒரு கதகதப்பு உண்டு, வாயில் பியருக்கு ஒரு கனத்தைக் கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த இடத்தில் அதே அளவு கசப்பு நின்றால் வேப்பங்கொழுந்தை ஊறவைத்த தண்ணீரைக் குடித்தது போல இருக்கும்.

ஐபிஏ என்றாலே வலிமையானதாக இருக்க வேண்டும் என்பாரும் உண்டு. 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம்தான் ஐபிஏ. இந்தியா வரையிலான கப்பல் பயணத்தில் கெடாமலிருக்க ஆல்கஹாலைக் கூட்டி உருவாக்கினார்கள் என்ற கதையை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். பியர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் அந்தக் கதையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துப் போட்டுவிட்டார். அதே கப்பல்களில் கறுப்பு நிறப் போர்ட்டர் பியரும் கெடாமல் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கால அளவுகோலில் ஐபிஏ ஒன்றும் அதிக வலிமையான பியரும் அல்ல. இங்கிலாந்தின் கிரீன் கிங் ஐபிஏ நெடுங்காலம் 3.6 சதவீதத்தில்தான் விற்றது. மூடநம்பிக்கை சாமியார் மடங்களில் மட்டும் வளர்வதில்லை. நல்ல கதையாக இருந்தால் படித்தவர்களும் சோதிக்காமல் நம்பிவிடுவார்கள்.

சரி, ஆல்கஹால் விட்டுச்சென்ற இடத்தை எப்படி நிரப்புவது? டெக்ஸ்ட்ரினால். மாவுச்சத்தை ஒரு நீளமான மல்லிகைச் சரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவும் ஒரு குளுக்கோஸ். ஆங்காங்கே கிளைச் சரங்கள் முடிச்சிட்டுத் தொங்குகின்றன. மால்ட்டில் உள்ள பீட்டா அமைலேஸ் சரத்தின் முனையிலிருந்து இரண்டு இரண்டு பூவாகக் கிள்ளும். அந்த இரண்டு பூ மால்டோஸ், ஈஸ்டுக்கு விருப்பமான தீனி. முடிச்சு வந்தால் பீட்டா நின்றுவிடும். ஆல்ஃபா அமைலேஸ் முனையைத் தேடாது, சரத்தை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். ஈஸ்ட் ஒன்று, இரண்டு, மூன்று பூ நீளமுள்ள துண்டுகளை மட்டுமே தின்னும். அதற்கு மேல் நீளமானவையும் முடிச்சுள்ளவையும் தின்னப்படாமல் பியரில் தங்கிவிடும். அவைதான் டெக்ஸ்ட்ரின். பெரிதாக இனிக்காது, ஆனால் வாயில் ஒரு திண்மையைக் கொடுக்கும்.

பீட்டாவுக்கு 62, 65 டிகிரி சூடு பிடிக்கும். 70ஐ நெருங்கினால் அது விரைவாகச் செத்துவிடும். ஆல்ஃபா அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும். ஆகவே மால்ட்டை 68, 70 டிகிரியில் ஊறவைத்தால் கிள்ளுபவர் இல்லாமல் வெட்டுபவர் மட்டும் மிஞ்சுவார், நீளத் துண்டுகள் நிறையத் தங்கும். ஆல்கஹால் குறைவு, திண்மை அதிகம். செஷன் ஐபிஏ செய்பவர்கள் வழக்கமாகக் கையாளும் உத்தி இது.

பிறகு மணம். கொதியில் போட்ட ஹாப்பின் நறுமண எண்ணெய்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அதனால் நொதித்தல் முடியும் தறுவாயில், ஆறிய பியரில் உலர்ந்த ஹாப்பை அள்ளிப் போட்டு ஊறவைப்பார்கள். ட்ரை ஹாப்பிங் என்று பெயர். ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மர வாசனை எல்லாம் இப்படித்தான் பியருக்குள் வருகின்றன. கொதியில் போடும் ஹாப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த ஹாப் சூட்டையே பார்ப்பதில்லை.

நொதி என்பது புரதம். கொதிநீரில் முட்டை வெள்ளைக்கரு இறுகுவதுபோல அதுவும் உருக்குலைந்துவிடும். கொதிக்காத ஹாப்பில் நொதி இருந்தால்? அது உயிர்ப்போடு பியருக்குள் இறங்கும்.

உண்மையிலேயே இருக்கிறது. ஹாப் கூம்பில் ஆல்ஃபா அமைலேஸும் பீட்டா அமைலேஸும் இருக்கின்றன, முனையிலிருந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளி முடிச்சையும் மெல்ல அவிழ்க்கக்கூடிய அமைலோகுளுக்கோசிடேஸும் சிறிதளவு இருக்கிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸின் உறவினர்கள்தான் இவை. பள்ளியில் ஆசிரியர் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொன்னதும், சிறிது நேரத்தில் அது இனித்ததும் நினைவிருக்கும். ஹாப் அதே வேலையைப் பற்களில்லாமல், பியர்த் தொட்டியின் இருட்டில், நாள்கணக்கில் செய்கிறது. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை வெட்டித் தின்னக்கூடிய துண்டுகளாக்கிக் கொடுக்கிறது. அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் மீண்டும் விழிக்கிறது. முடிந்துபோனதாக நினைத்த நொதித்தல் மெல்ல ஊர்ந்து தொடர்கிறது. பியர் ஆலைகளில் இதற்கு 'ஹாப் க்ரீப்' என்று பெயர், ஹாப்பின் ஊர்தல்.

ஒரு பூவுக்கு மாவுச்சத்தை உடைக்கும் நொதி எதற்கு? ஹாப் கூம்பில் பச்சையாக அடுக்கியிருக்கும் செதில்கள் இலையின் மாறிய வடிவங்கள். இலை பகலில் மாவுச்சத்தைச் சேமித்து இரவில் உடைத்துச் செடிக்கு அனுப்புகிறது. இலையின் வழிவந்த உறுப்பில் இலையின் கருவி இருப்பது பொருத்தமே. இதில் என்னை நெகிழவைக்கும் ஒரு செய்தி உண்டு. இலைகளில் மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸ் இருப்பதை விரிவாக அளந்து எழுதியவர்கள் ஹொரேஸ் பிரவுன், ஹாரிஸ் மோரிஸ் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள். ஆண்டு 1893. ட்ரை ஹாப்பிங் செய்த பீப்பாய்களில் நொதித்தல் ஏன் மறுபடி தொடங்குகிறது என்று ஆராய்ந்து, ஹாப் பூவிலும் டயஸ்டேஸ் இருக்கிறது என்று அறிவித்தவர்களும் அவர்களே, அதே 1893இல். பிரவுன், பர்ட்டன் நகரில் வொர்திங்டன் பியர் ஆலையில் பல்லாண்டு பணியாற்றியவர். பர்ட்டன் ஐபிஏவுக்குப் பேர்போன ஊர். பீப்பாயில் எழுந்த கேள்வியும் இலையில் எழுந்த கேள்வியும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன.

அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அந்தக் கட்டுரையை ஏறக்குறைய மறந்தே போனார்கள். ஹாப் மணமும் கசப்பும் மட்டும் தரும் பொருள், வேறெதுவும் செய்யாது என்ற எண்ணமே நிலைத்தது. அமெரிக்கச் சிற்றாலைகள் ஹாப்பை முன்பு நினைத்துப் பார்க்காத அளவில் கொட்டத் தொடங்கியபோதுதான் டப்பாக்கள் உப்பின, ஆல்கஹால் லேபிளைத் தாண்டியது, வெண்ணெய் வாடை வீசும் டைஅசெட்டில் தலைகாட்டியது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேலின் கிர்க்பாட்ரிக்கும் தாமஸ் ஷெல்ஹாமரும் 2018இல் இதை அளந்து வெளியிட்டார்கள். விற்பனைக்கு வந்த, நொதித்தல் முடிந்த பியரில் கேஸ்கேட் ரக ஹாப்பையும் ஈஸ்டையும் சேர்த்து 40 நாள் வைத்தபோது, நூறு கிராம் பியரில் கரைந்திருந்த பொருள் 1.9 கிராம் குறைந்தது. ஆல்கஹால் 1.3 சதவீதம் கூடியது.

இதை நாமே சரிபார்க்கலாம். சரம் உடையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்வதால் 1.9 கிராம் டெக்ஸ்ட்ரின் சுமார் 2.1 கிராம் குளுக்கோஸாகும். குளுக்கோஸின் எடையில் 51 சதவீதம் எத்தனாலாக மாறும், அதாவது 1.08 கிராம். எத்தனாலின் அடர்த்தி 0.79. கன அளவில் 1.37 மில்லி. ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்க எடுத்துக்கொள்ளும் கொஞ்சத்தைக் கழித்தால் ஆய்வகம் சொன்ன 1.3 வந்து நிற்கிறது. பள்ளி வேதியியலும் ஓர் ஆய்வக அளவீடும் இப்படிக் கைகோக்கும்போது எனக்கு அன்றைய நாளே நல்ல நாள்.

இப்போது செஷன் ஐபிஏவின் சிக்கல் முழுதாகத் தெரியும். 4.4 சதவீதப் பியரில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ நான்கு கிராம் பொருள்தான் கரைந்து மிஞ்சியிருக்கும். அதில் 1.9 போனால் திண்மை பாதியாகிவிடும். ஆல்கஹாலோ 5.7க்கு ஏறி, பியரை அதன் வகையை விட்டே வெளியேற்றிவிடும். திண்மைக்காக மால்ட்டை அதிகச் சூட்டில் ஊறவைத்து டெக்ஸ்ட்ரினைக் கூட்டினால், ஹாப்பின் நொதிக்கு அவ்வளவும் கூடுதல் தீனி. மணத்துக்காகப் போடும் பூவே உடம்பைத் தின்கிறது. வலிமையான ஐபிஏவுக்கும் ஹாப் க்ரீப் உண்டு. அங்கே டெக்ஸ்ட்ரின் குறைந்தாலும் தாங்கிப் பிடிக்க ஆல்கஹால் இருக்கிறது. இங்கே தாங்க ஆள் இல்லை. பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 3.5 சதவீதத்துக்குக் குறைவான பியருக்கு வரி குறைவு. பல ஆலைகள் 3.4இல் போய் நிற்பது அதனால்தான். 3.4ஐக் குறிவைத்து ஹாப் கொட்டுபவருக்கு அரை சதவீத ஊர்தல்கூட வரித்தட்டையே மாற்றிவிடும்.

இங்கிலாந்தின் 'பிட்டர்' பியர் இதை முன்பே செய்துவிட்டதே என்பது நல்ல எதிர்வாதம். 3.2 முதல் 3.8 சதவீதம், 25 முதல் 35 அலகு கசப்பு, பீப்பாயில் ஒரு பிடி ஹாப். உண்மைதான், மூத்த சகோதரி அவள். ஆனால் ஒரு பிடி ஹாப் கிளப்பிய சிறு நொதித்தல் பீப்பாய்க்கு வேண்டிய வாயுவைக் கொடுத்தது, அங்கே அது உதவி. பல மடங்கு ஹாப் விழும் செஷன் ஐபிஏவில் அதுவே எதிரி. இரண்டும் வெவ்வேறு கைவேலைகள். கையேடுகள் எல்லையை ஆல்கஹால் எண்ணால் மட்டும் வரையாமல், இவ்வளவு ஹாப்புக்கு நடுவே திண்மை நிலைத்திருக்கிறதா என்று நடுவரைக் கேட்கச் சொன்னால் அந்த உழைப்புக்கு நீதி கிடைக்கும்.

ஒரு ஆதங்கம். பீப்பாயில் தொடங்கி இலைக்குப் போய் மீண்டும் பீப்பாய்க்கு வரும் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் கேட்டால் 'பயன் என்ன' என்ற ஒற்றைக் கேள்விதான் திரும்பி வருகிறது. 1893இல் பயன் பாதிதான் தெரிந்தது. மீதி நூற்றிருபத்தைந்து ஆண்டு கழித்துத் தெரிந்தது. இட்லி மாவிலும் கள்ளிலும் நாம் நாள்தோறும் நொதித்தலோடு வாழ்கிறோம். நம் பல்கலைக்கழகங்களில் அதற்கென்று ஆய்வகங்கள் நிறைந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

டப்பா கேள்விக்கு வருகிறேன். பியரைச் சூடாக்கிப் பாஸ்டர் முறையில் பதப்படுத்தினால் நொதியும் ஈஸ்டும் ஒருசேர அழியும், ஆனால் அந்த இளம் ஹாப் மணமும் மங்கும். மணத்தை இழக்க மனமில்லாதவர்கள் அப்படியே அடைக்கிறார்கள். அந்த டப்பாவில் நொதி இன்னும் உயிரோடு இருக்கலாம், வடிகட்டலில் தப்பிய ஈஸ்டும் இருக்கலாம். நான்கு டிகிரியில் ஈஸ்ட் உறங்கும், நொதியின் வேகமும் வெகுவாகத் தளரும். அலமாரியில் 25 டிகிரியில் விட்டால் இரண்டும் வேலையைத் தொடரும். 'எப்போதும் குளிரில் வைக்கவும்' என்ற வரி அதற்காகத்தான்.