அறிகைப் போர்

காக்னிடிவ் வார்ஃபேர் என்பதை 'அறிவாற்றல் போர்' என்று தமிழில் எழுதுவதைப் பார்க்கலாம். படித்தால் இரண்டு மேதைகள் மேடையேறி மோதிக்கொள்வதுபோல் இருக்கிறது. 'புலனுணர்வுப் போர்' என்றும் எழுதுகிறார்கள். அது கண், காது சமாச்சாரம், இங்கே பொருந்தாது.

ஒரு நாட்டு மக்கள் யாரை நம்புகிறார்கள், செய்தியை எப்படி எடைபோடுகிறார்கள், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பதைக் குறிவைத்துக் குலைப்பதுதான் இந்தப் போர். உளவியல் போரில் விமானத்திலிருந்து துண்டறிக்கை வீசி, "சரணடைந்துவிடு" என்பார்கள். வீசியவன் எதிரி என்பது கீழே நிற்கும் படைவீரனுக்குத் தெரியும். இதில் அது தெரியாது. தாக்கப்படுவது பெரும்பாலும் பொதுமக்கள். சண்டை நடக்காத காலத்திலும் இது நடக்கும்.

சொல் பரவலானது 2020-ஐ ஒட்டி, நேட்டோ ராணுவக் கூட்டணியின் ஆய்வறிக்கைகள் வழியாக. நிலம், கடல், வான் என்றிருந்த அவர்களுடைய களப் பட்டியலில் 2016-ல் இணையவெளியும் 2019-ல் விண்வெளியும் சேர்ந்தன. அப்புறம், மனித மனத்தையும் ஒரு களமாகக் கொள்ளலாமா என்ற பேச்சு எழுந்தது. சீன ராணுவம் 2003-லேயே பொதுக்கருத்துப் போர், உளவியல் போர், சட்டப் போர் என்று மூன்றாக வகுத்து வைத்திருந்தது.

ஆனால் இந்த வேலை எப்படி நடக்கும் என்று காட்ட, பெயர் வருவதற்கு முந்தைய ஒரு கதையே எனக்குப் பிடிக்கும். 1983 ஜூலையில் டெல்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அமெரிக்க விஞ்ஞானியாம், பெயர் இல்லை. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் தன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது என்றது கடிதம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985-ல் மாஸ்கோவின் 'லிதரதூர்னயா கஸேத்தா' வார இதழ் அதே கதையை அச்சிட்டு, ஆதாரமாக இந்தியப் பத்திரிகையைக் காட்டியது. அடுத்து கிழக்கு ஜெர்மனியின் உயிர் இயற்பியல் பேராசிரியர் யாக்கோப் செகால் அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டார். பல கண்டங்களின் பத்திரிகைகளில் கதை சுற்றியது. 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ், இதில் சோவியத் உளவுத்துறையின் கை இருந்ததை ஒப்புக்கொண்டார்.

கதை இவ்வளவு தூரம் போனதற்குச் சோவியத்தின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு முறையான சிகிச்சை கொடுக்காமல் அரசே 'ஆய்வு' நடத்தியது. அதை அறிந்த ஒருவருக்கு எய்ட்ஸ் கதை நம்ப முடியாததாகவா தோன்றும்? உண்மையான காயம் ஏற்கெனவே இருந்தது. பொய் அதன்மேல் ஏறிக்கொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மூலச்சொல் இலத்தீனின் 'கொக்னோஸ்கெரே', அறிந்துகொள்ளுதல். அதன் வேரும் 'ஞானம்' என்ற வடசொல்லின் வேரும் ஒன்றே. அதற்காக 'ஞானப் போர்' என்றால் சிரிப்பார்கள். இலங்கைத் தமிழ்க் கல்வி, உளவியல் நூல்கள் காக்னிடிவ் என்பதற்கு 'அறிகை' என்கின்றன. குழந்தையின் 'அறிகை விருத்தி' அங்கே ஆசிரியர்களுக்குப் பழகிய தொடர். வருகை, செய்கை போல அறி என்ற வினையில் 'கை' சேர்ந்த தொழிற்பெயர் இது. அறிவு என்றால் சேர்த்து வைத்த சரக்கையும் குறிக்கும், ஆற்றல் என்றால் திறமை. அறிகை அறியும் செயலைச் சொல்கிறது. தாக்கப்படுவதும் அந்தச் செயல்தான். ஆகவே அறிகைப் போர். வழிமுறையைச் சொல்லும்போது அறிகைப் போர்முறை.

ஆனால் கண்ட இடத்தில் இதைப் போடக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் மருத்துவக் குறிப்பு வதந்தி. கட்சிக்காரர் மேடையில் பேசுவது பரப்புரை. திட்டமிட்ட ஒரு தரப்பு மறைந்து நின்று இயக்குகிறது என்று காட்ட முடிந்தால்தான் இந்தச் சொல். இல்லாவிட்டால், தன்னைக் கேள்வி கேட்பவரையெல்லாம் எதிரியின் ஆள் என்று முத்திரை குத்த அரசுகளுக்கு இது மிகவும் வசதியான சொல்.