525 எக்ஸ்னு போட்டிருந்தும் நட்சத்திரம் ஏன் புள்ளியாவே தெரியுது?

சேலத்துல டெலஸ்கோப் சர்வீஸ் பண்றேன், ஏற்காட்டுக்கு வர்றவங்களுக்கு ராத்திரி வானமும் காட்டுறேன், அங்க அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "ஏனுங்க சார், பெட்டியில 525 எக்ஸ்னு, அதாவது 525 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருக்கு, நட்சத்திரம் மட்டும் புள்ளியாவே இருக்கு, லென்ஸ் போயிருச்சுங்களா?" லென்ஸ் நல்லாத்தான் இருக்கும், அந்த நம்பர்தான் ஏமாத்து வேலை. 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப்ப 140 எக்ஸ் வரைக்கும்தான் ஏத்தலாம், அதுக்கு மேல போனா கலங்கல்தான் பெருசாகும். வாங்குறப்ப எக்ஸ் கேக்காதீங்க, முன்கண்ணாடி அகலம் எவ்வளவுன்னு கேளுங்க, ஏன்னா நுணுக்கத்தைப் பிரிச்சுக் காட்டுறது அதுதான்.

தை மாசக் குளிர்ல சேர்வராயன் மலைப் பக்கம் திருவாதிரை நட்சத்திரத்த ஐபீஸ்ல, அதாவது கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸ்ல பாத்தா செவப்பா ஒரு பொட்டு, துடிச்சுக்கிட்டே இருக்கும். துடிக்கிறது நட்சத்திரம் இல்லீங்க, நமக்கு மேல இருக்குற காத்து. அதோட நெசமான வட்டத்த 1920-லயே அளந்துட்டாங்க, அமெரிக்காவுல மவுண்ட் வில்சன் வானாய்வகத்துல மைக்கேல்சன், பீஸ்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க, 100 அங்குல டெலஸ்கோப் தலையில 20 அடி இரும்புச் சட்டத்த வச்சு, அதுல ரெண்டு கண்ணாடிய தள்ளித்தள்ளி நகர்த்தினாங்க. ரெண்டு பக்க வெளிச்சமும் ஒண்ணா சேர்றப்ப வரிவரியா கோடு விழும், கண்ணாடிங்கள விலக்க விலக்க ஒரு கட்டத்துல அந்த வரி மறைஞ்சிரும், அந்த தூரத்த வச்சே நட்சத்திரத்தோட அளவு கணக்காயிரும். வந்தது 0.047 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3,600 பங்கு போட்டா அதுல ஒண்ணுதான் ஒரு ஆர்க்செகண்ட்), 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் பிரிக்கிறதே சுமார் 1.7 ஆர்க்செகண்ட்தான்!

இன்னிக்கு இதே வேலைய சிலி நாட்டு பரணல் மலையில பல டெலஸ்கோப் வெளிச்சத்த ஒண்ணா சேக்குற வி.எல்.டி.ஐ.ங்கிற அமைப்பு செய்யுது, 8.2 மீட்டர் டெலஸ்கோப் நாலு, 130 மீட்டர் வரைக்கும் தள்ளித்தள்ளி. நுணுக்கத்துல அது 130 மீட்டர் அகலக் கண்ணாடிக்கு சமம், ஆனா வெளிச்சம் சேக்குறது நாலு கண்ணாடி அளவுக்குத்தான். 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலை நீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்துல 3.5 மில்லி ஆர்க்செகண்ட், அதாவது 0.0035 ஆர்க்செகண்ட் வரைக்கும் பிரிக்குது, அதாவது சேலத்துல நின்னுக்கிட்டு 280 கிலோமீட்டர் தள்ளி சென்னையில அஞ்சு மில்லிமீட்டர் இடைவெளியில வச்ச ரெண்டு புள்ளிய தனித்தனியா பாக்குற மாதிரி. எனக்கு பெரிய ஆச்சரியம் அங்க இருக்குற சுரங்கம்தான், நட்சத்திரம் நகர நகர ஒவ்வொரு டெலஸ்கோப்புக்கும் வெளிச்சம் வர்ற தூரம் மாறும், அத ஈடு கட்ட தண்டவாளத்துல கண்ணாடி வண்டிங்க ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு மைக்ரானுக்கும் கீழ துல்லியமா.

ஏன் அகச்சிவப்பு? அலை நீளம் கூடினதால காத்தோட தொந்தரவு குறையுது, கண்ணாடி வேலையில பிடிக்க வேண்டிய துல்லியமும் கொஞ்சம் தளருது, தூசியையும் ஊடுருவி வருது. நம்ம பால்வீதி நடுவுல இருந்து கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் கிட்டத்தட்ட வர்றதே இல்ல, அகச்சிவப்பு வருது. அப்படித்தான் எஸ்2-ங்கிற நட்சத்திரம் 2018 மே மாசம் பால்வீதி நடுவுல இருக்குற கருந்துளை பக்கத்துல வினாடிக்கு சுமார் 7,650 கிலோமீட்டர் வேகத்துல திரும்பினத வி.எல்.டி.ஐ.யில இருக்குற கிராவிட்டிங்கிற கருவி விடாம பின்தொடர்ந்துச்சு, 2019-ல வேற சூரியனோட கிரகம் ஒண்ணோட வெளிச்சத்தையும் பிரிச்சுக் காட்டுச்சு.

வாட்ஸ்அப்ல வர்ற படங்கள பத்தியும் சொல்லிடறேன். இந்தக் கருவி கேமரா மாதிரி நேரா போட்டோ எடுக்காது, ஒவ்வொரு ஜோடி டெலஸ்கோப்லயும் கிடைச்ச வரிகள சேத்து கம்ப்யூட்டர்ல படமா கட்டுவாங்க. கேட்டை நட்சத்திரத்துக்கு 2017-ல வந்த படம் அப்படிக் கட்டினது, அது நெசமான அளவீடு. கருந்துளைய சுத்தி எஸ்2 பறக்குற மாதிரி பளபளன்னு வர்றதெல்லாம் பெரும்பாலும் வரைஞ்ச ஓவியம், படத்துக்குக் கீழ அதையும் எழுதியிருப்பாங்க, ஃபார்வர்ட் பண்றவங்கதான் அத வெட்டிட்டு அனுப்புறாங்க.