ஜிம் பையில் ஒரு பெப்டைடு குப்பி

மெரினாவில் ஓடுகிறவர்கள், ஈசிஆரில் சைக்கிள் மிதிக்கிறவர்கள், லீக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். குதிகாலோ தோளோ வலிக்கிறது என்று டாக்டரிடம் வரும் இவர்களில் சிலர், "ஜிம்ல எல்லாரும் போடுறாங்க சார்" என்று பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுக்கிறார்கள். பிபிசி-157, அல்லது டிபி-500: காயம் சீக்கிரம் ஆறும் என்று சொல்லி விற்கப்படும் பெப்டைடு ஊசிகள்.

பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்களைக் கோத்த செயற்கைப் பெப்டைடு. எலிகளில் தசைநாண் சீக்கிரம் ஆறியதாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்கவில்லை. இந்தியாவில் இதை மருந்தாக விற்க அனுமதியும் இல்லை. அதனால்தான் லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

'99 சதவீதம் தூய்மை' என்பதை நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். அது தூளில் இருக்கும் பெப்டைடுகளில் அந்தப் பெப்டைடின் பங்கு எவ்வளவு என்பதற்கான கணக்கு. கிருமி இருக்கிறதா, எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) இருக்கிறதா என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

அடுத்த தப்பு, கரைக்கும் தண்ணீர். மெடிக்கலில் கிடைக்கும் 'டிஸ்டில் வாட்டர்' ஆம்பியூலில் கிருமித்தடுப்பான் கிடையாது. ஒரு தடவைக்கு மட்டுமே அது. அதில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று வாரம் அதே ரப்பர் மூடியைக் குத்தினால் சீழ்க்கட்டி வராமல் என்ன செய்யும்?

சிரிஞ்ச் விஷயம் இன்னும் மோசம். 5 மில்லிகிராம் தூளை 2 மில்லி தண்ணீரில் கரைத்தால், யு-100 இன்சுலின் சிரிஞ்சில் (ஒரு மில்லிக்கு 100 யூனிட்) '10' என்று எண் போட்ட கோடு 250 மைக்ரோகிராம். இணையத்தில் சுற்றும் அளவுகள் பெரும்பாலும் இந்த யு-100 கணக்குதான். நம் ஊர்க் கடையில் சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சும் (ஒரு மில்லிக்கு 40 யூனிட்) கிடைக்கிறது. அதே '10' கோடு அதில் 625 மைக்ரோகிராம். இரண்டரை மடங்கு!

போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு: உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் பிபிசி-157 2022 முதல் இருக்கிறது. டிபி-500ம் தடைதான். "தெரியாது சார்" என்பது எடுபடாது. பிபிசி-157 புது ரத்தக்குழாய்களை வளர்ப்பது எலிகளில் தெரிந்திருப்பதாலும், புற்றுக்கட்டி வளர அவை உதவலாம் என்பதாலும், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் கிட்டவே போகக் கூடாது.

ஏற்கெனவே போட்டிருந்தால் குப்பியைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். குதிகால் தசைநாணுக்கு மாடிப்படி விளிம்பு போதும்: முன்பாதத்தை விளிம்பில் ஊன்றி, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி, மற்ற காலால் மேலே ஏறுங்கள். 15 தடவை வீதம் 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். முழங்காலை நீட்டி 3 சுற்று, லேசாக மடக்கி 3 சுற்று.